கேட்காமல் அனுப்பிய ஜாதகம்

வினோ,

சாப்பிட்டாயா என்று இந்தக் கடிதத்தில் கேட்கப்போவதில்லை. அதைத்தான் தினமும் போனில் கேட்கிறேன். நீயும் "ம், ஆச்சும்மா" என்கிறாய். அதோடு நம் இருவருக்கும் பேச்சு முடிந்துவிடுகிறது. நீ சென்னைக்குப் போய் இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. இந்த ஒன்பது நாளில் நாம் பேசியதை எல்லாம் சேர்த்தால் அரைப் பக்கம்கூடத் தேறாது. வியாழக்கிழமை காலை பஸ்ஸில் அப்பா உன்னைப் பார்க்க வருகிறார். அரிசியும் வறுத்த மல்லாட்டைக் கடலையும் கட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பையிலேயே இதையும் வைத்துவிடுவேன். மெசேஜ் போட்டிருக்கலாமே என்று கேட்பாய். போட்டுப் பார்த்தேன். மூன்று வரிக்கு மேல் போனால் என் கட்டைவிரல் தகராறு செய்கிறது. தவிர, மெசேஜில் தப்பை ஒத்துக்கொண்டால் கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டு மழுப்பிவிடத் தோன்றும். எனக்கு மழுப்ப இஷ்டமில்லை. கடையில் அளவு எழுதுகிற நோட்டில் பக்கங்களைக் கிழித்து எழுதுகிறேன். ஓரத்தில் யாருடைய தோள் அளவாவது இருந்தால் கண்டுகொள்ளாதே.

உன் ஆப் வெளியாகிவிட்டது என்று நேற்று அப்பாதான் சொன்னார். நீ அவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். அவர் என்னிடம் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் மத்தியானம் வரை தவித்துவிட்டு, சோற்றில் ரசம் ஊற்றும்போது சொல்லிவிட்டார். நான் கையைக் கழுவிவிட்டு வந்து போனில் 'இந்தா' என்று தேடினேன். வந்தது. நீ வைத்த அந்தப் பெயரை முதலில் நான்தான் கிண்டல் செய்தேன், நினைவிருக்கிறதா? இப்போது பார்க்கும்போது எவ்வளவு நன்றாக இருக்கிறது. எதையாவது ஒருவரிடம் நீட்டும்போது நாம் சொல்கிற சொல் அதுதானே. சோதனைக்காக நீ போட்டுக் கொடுத்த பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொண்டேன். விளக்கப் படத்தில் நான் தைத்த மாம்பழ நிற ஜாக்கெட்டை வைத்திருக்கிறாய். என்மேல் கோபம் தீராமல் இருக்கும்போதும் அந்தப் படத்தை நீ எடுக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க ஒன்றுமில்லை, அழுதேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். நீ மறுபடியும் என்னை நம்ப வேண்டும். ஆனால் அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஏனென்றால் நான் செய்ததில் உனக்குத் தெரியாதது இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அதையும் தெரிந்துகொண்டு நீயே முடிவு செய். முழுக்கச் சொல்ல வேண்டுமானால் ஆரம்பத்திலிருந்து வர வேண்டும். பொறுமையாகப் படி.

உன் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று போன வருஷம் நீ பெட்டியோடு அடி அண்ணாமலைக்கு வந்தாய். வந்த இரண்டாவது வாரத்தில் பௌர்ணமி. நம் கடை கிரிவலப் பாதையில் இருப்பதால் அன்றைக்கு நான் மெஷினில் உட்காருவதே இல்லை. கிரிவலம் வருகிற பெண்கள் அப்படியே துணி கொடுக்கவும் தைத்ததை வாங்கவும் வருவார்கள். வாங்கி, கொடுத்து, அளவெடுக்கவே நேரம் சரியாக இருக்கும். அந்தக் கூட்டத்தில் யார் போனிலும் நெட் வராது. அன்றைக்கு ஒரு கல்யாணப் பெண் தன் போனில் பின்கழுத்துப் படம் ஒன்றைக் காட்டினாள். எனக்கு அனுப்பு என்றேன். சுற்றிக்கொண்டே இருந்தது, போகவில்லை. வாயால் சொல்லிவிட்டுப் போனாள். நான் எனக்குப் புரிந்தபடி பானைக் கழுத்து வைத்து நாடா கட்டித் தைத்தேன். அவள் கேட்டதோ மூடின கழுத்து, பட்டன் வைத்தது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் நான் அதைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது, நீ பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தபடியே கேட்டாய்.

"பக்கத்துப் பக்கத்துல நிக்கிற ரெண்டு போனுக்கு எதுக்கும்மா டவரு?"

"அதுக்குத்தான் புளூடூத்துனு ஒண்ணு கீதே. எனக்கே தெரியும்."

"இருக்குது. எத்தினி தடவ பாதியில அறுந்துபோவுது, பாத்திருக்கியா? அறுந்தா மறுபடியும் மொதல்லேர்ந்து அனுப்பணும். நான் செய்யறது வுட்ட எடத்துலேர்ந்து போவும்."

நீ விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். மறுநாளே மடிக்கணினியைக் கடையின் மூலையில், கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டாய். அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் நம் வீடு பட்ட பாட்டை நீ மறந்திருக்க மாட்டாய். அப்பாவின் போனை அவர் கையில் கொடுத்து, தெருக்கோடி வரை நடக்கச் சொல்வாய். நீ இங்கிருந்து என் ஜாக்கெட் படங்களை ஒவ்வொன்றாக அனுப்புவாய். எத்தனை அடியில் அறுகிறது, சுவர் குறுக்கே வந்தால் என்ன ஆகிறது, ஷட்டரைப் பாதி இறக்கினால் என்ன ஆகிறது என்று எழுதிக்கொள்வாய். அப்பா வேப்பமரத்தடியில் போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து டீக்கடைக்காரர், "இன்னாண்ணே, சிக்னல் தேடறியா?" என்று கேட்க, இவர் "இல்லப்பா, ஜாக்கெட் தேடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாரே, அதைச் சொல்லிச் சொல்லி நாம் மூவரும் ஒரு வாரம் சிரித்தோம். இன்றைக்கும் அவர் போனைத் திறந்தால் நாற்பது ஜாக்கெட் படம் இருக்கிறது. அழிக்கமாட்டேன் என்கிறார்.

நீ வேலை செய்கிற விதத்தை நான் அப்போதுதான் முதல்முதலாகப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்த இடம் கேட்கிற விஷயத்தில் நீ பட்ட அவதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழைய போன்களில் பக்கத்தில் இருக்கும் இன்னொரு போனைத் தேட வேண்டுமானால், இருக்கிற இடத்தைப் பார்க்கலாமா என்று போனே அனுமதி கேட்கும் என்றாய். பூ விற்கிற நம் செல்வியிடம் அந்தக் கேள்வி வந்ததும் அவள் போனைத் தூரப் பிடித்துக்கொண்டு, "இன்னாக்கா இது, நான் எங்க போறேன் வர்றேன்னு எங்க வூட்டுக்காரருக்குச் சொல்லிடுமா?" என்று பயந்தாள். நீ சிரிக்கவில்லை. 'நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று இந்த ஆப் பார்ப்பதில்லை, யாருக்கும் சொல்வதில்லை' என்று தமிழில் எழுதி, அந்தக் கேள்விக்கு முன்னால் வருகிற மாதிரி வைத்தாய். அந்த ஒரு வரியை எழுத இரண்டு நாள் எடுத்துக்கொண்டாய். செல்விக்குப் புரிகிறதா, புரிகிறதா என்று மாற்றி மாற்றிப் படித்துக் காட்டினாய். என் பெண் இவ்வளவு பொறுப்பானவளா என்று எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. அதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "கண்ணு கெட்டுப்போவும், எழுந்து வா" என்றுதான் சொன்னேன்.

ஆப் வெளியாவதற்கு முன்னால் ஒரு டஜன் பேராவது இரண்டு வாரம் விடாமல் பயன்படுத்திப் பார்க்க வேண்டும், அப்போதுதான் ஆப் கடையில் ஏற்றுவார்கள் என்று நீ சொன்னபோது நான்தான் முன்னால் வந்தேன். என் கஸ்டமர்களைப் பிடித்துக் கொடுத்தேன். ஆப்பைத் திறந்து காட்டினால்தான் ஊக்கு வைத்துத் தருவேன் என்று மிரட்டினேன். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். நீ அவர்களைக் கடையில் உட்காரவைத்து ஒன்றே ஒன்றைச் சொன்னாய். "எது சரியா வரலன்னாலும் உடனே சொல்லுங்கக்கா. சின்ன விஷயம்னு வுட்றாதீங்க. தப்பத் தேடித்தான் உங்ககிட்டக் குடுக்கறேன்." என் பக்கம் திரும்பி, "ம்மா, நீயுந்தான்" என்றாய். நான் தலையாட்டினேன். இதை நான் மறந்தேன் என்று சொல்ல முடியாது. நன்றாக நினைவு வைத்துக்கொண்டே செய்தேன்.

அந்தப் பன்னிரண்டு பேரும் முதலில் முணுமுணுத்தது, ஒவ்வொரு முறையும் வருகிற கேள்வியைப் பற்றித்தான். யாராவது ஒன்றை அனுப்பினால், இன்னார் அனுப்புகிறார், வாங்கிக்கொள்ளவா என்று கேட்கும். சரி என்று அழுத்தினால்தான் வரும். பத்துப் படம் என்றால் பத்துத் தடவை. எனக்கே அலுத்துவிட்டது. அந்தக் கேள்வியை எடுத்துவிடு என்று உன்னை நச்சரித்தவள் நான்.

"அதுதாம்மா பாதுகாப்பு. யாரு அனுப்பறாங்கன்னு பாத்து, வாங்கறவங்க சரின்னு சொன்னாத்தான் வரணும்."

"தெரிஞ்சவங்கதானே பாப்பா அனுப்பறாங்க. நம்ம பொம்பளைங்களுக்குள்ள இன்னா கேள்வி? வர்றத வாங்கிக்க வேண்டியதுதான்."

"கேக்காம யாருக்கும் எதுவும் போவக் கூடாதும்மா."

"கேட்டுக் கேட்டு உயிர வாங்குது. தொல்ல ஜாஸ்தியா இருந்தா யாரும் வெச்சிக்க மாட்டாங்க."

மூன்று நாள் பிடிவாதமாக இருந்தாய். நாலாம் நாள், சோதனைக்கு மட்டும் என்று சொல்லி எடுத்துவிட்டாய். எல்லோரும் சுலபமாக இருக்கிறது என்றதும், அப்படியே வெளியிட்டுவிடலாமா என்று நீயும் யோசிக்க ஆரம்பித்தாய். உன்னிடம் ஒன்று சொல்கிறேன் கண்ணு. இனிமேல் உனக்குச் சரி என்று தெரிந்த ஒன்றை யார் சொன்னாலும் எடுக்காதே. அம்மா சொன்னாலும் எடுக்காதே. பாசத்தோடு கேட்கிறவர்களுக்கு முடியாது என்று சொல்வதுதான் ரொம்பக் கஷ்டம், எனக்குத் தெரியும். நானும் அதைத் தெரிந்துகொண்டுதான் உன்னிடம் கேட்டேன்.

இனி ஜாதகத்துக்கு வருகிறேன். நீ மூலையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்த மாதங்களில் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், "பொண்ணு சும்மாதான் கீறாளா?" என்று கேட்பார்கள். "வேலை செய்யறா" என்பேன். "வூட்லயா?" என்று இழுப்பார்கள். அந்த இழுப்பு ஒவ்வொரு நாளும் என்னை அரித்தது. இருபத்தாறு வயசு, வேலை போய்விட்டது, ஆப் என்கிறாள், அது எங்கே போய் நிற்குமோ என்று பயந்தேன். உன் திறமையின் மேல் இல்லாத சந்தேகத்தை ஊரார் வாய் எனக்குள் ஏற்றிவிட்டது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வருகிற பரிமளா, அவளும் உன் பன்னிரண்டு பேரில் ஒருத்தி, தன் அண்ணன் மகனுக்குப் பெண் பார்ப்பதாகச் சொன்னாள். ஆஸ்பத்திரி லேபில் வேலை, நல்ல பையன் என்றாள். நீ குளிக்கப் போனபோது பீரோவிலிருந்து உன் ஜாதக நோட்டை எடுத்துப் போட்டோ பிடித்து வைத்துக்கொண்டேன். உன் சித்தி மகள் கல்யாணத்தில் எடுத்த படத்தையும் அதோடு சேர்த்தேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும்.

அடுத்த பௌர்ணமி அன்று சாயந்திரம் பரிமளா கடைக்கு வந்தாள். வழக்கம்போல் நெட் இல்லை. "இதோ, நம்ம பொண்ணு ஆப்லயே அனுப்பறேன்" என்று பெருமையாகச் சொன்னேன். உன் ஜாதகத்தை உன் ஆப்பிலேயே அனுப்புகிற சாமர்த்தியத்தை நினைத்துச் சிரிப்புகூட வந்தது. திறந்தால் ஒரே பெயரில் மூன்று போன் காட்டியது. நம் பக்கத்தில் பாதிப் பேர் கையில் இருப்பது அந்த ஒரே மாடல்தான். யாரும் சொந்தப் பெயர் போட்டு வைக்கவில்லை. நான் முதலில் இருந்ததைத் தொட்டேன். போய்விட்டது என்று பச்சையாகக் காட்டியது. பரிமளா, "வரலயேக்கா" என்றாள். அவள் போன்தான் மெதுவு என்று சொல்லிவிட்டு, அடுத்ததைத் தொட்டு மறுபடியும் அனுப்பினேன். அது அவளுக்கு வந்தது. முதலில் போனது எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நிமிஷமே உன்னிடம் வந்து, பாப்பா, அனுப்பினது வேறு யாருக்கோ போய்விட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். நீ தேடிக்கொண்டிருந்த தப்பு அதுதான். ஆனால் சொன்னால், என்ன அனுப்பினாய் என்று கேட்பாய். அதனால் வாயை மூடிக்கொண்டேன். திங்கட்கிழமை நீ அதை ஆப் கடைக்கு அனுப்பப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் கைக்கு அந்தத் தப்போடு போகும் என்றும் தெரியும். தெரிந்தும் இரண்டு நாள் உனக்குத் தோசை சுட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் போனது செல்வியின் போனுக்கு. அன்றைக்கு அவள் நம் கடைக்குப் பக்கத்தில்தான் பூக்கடை போட்டிருந்தாள். அந்தப் போனை அவள் வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள். கேள்வி கேட்காமல் உள்ளே வந்துவிட்டதால், தையல்காரம்மாவே ஜாதகமும் படமும் அனுப்பியிருக்கிறார்கள், வாயால் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு இப்படி அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதுவும் பௌர்ணமி அன்று, மலையைப் பார்த்தபடி நிற்கும்போது வந்த ஜாதகம். அண்ணாமலையாரே அனுப்பியது என்று செல்வியின் அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். செல்வியின் தம்பிக்குப் பொருத்தம் பார்த்து, பத்துக்கு எட்டு இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, வெள்ளிக்கிழமை காலையில் பூ, பழம், வெற்றிலைத் தட்டோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். செல்வி, அவள் அம்மா, அவள் மாமா. கதவைத் திறந்தது நீ. கொண்டையும் நைட்டியுமாக, காதில் வயரோடு.

அந்தக் கால் மணி நேரத்தை நான் ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். செல்வியின் அம்மா உன் கன்னத்தைத் தடவி, "ஜாதகம் வந்ததுமே எங்களுக்குப் புடிச்சிப்போச்சி கண்ணு" என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அப்புறம் செல்வியின் போனை வாங்கி, எங்கிருந்து எத்தனை மணிக்கு வந்தது என்று பார்த்தாய். உனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நீ என்மேல் பாயப்போகிறாய் என்று நினைத்தேன். நீயோ அவர்களை உட்காரச் சொல்லி, என்னிடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அந்த அம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாய்.

"இது நான் செஞ்ச ஆப்மா. அதுல ஒரு தப்பு இருந்திருக்குது. வேற ஒருத்தருக்குப் போவ வேண்டியது உங்களுக்கு வந்துட்டுது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. இவ்ளோ மரியாதையா வந்திருக்கீங்க, உங்களத் திருப்பி அனுப்பறதுக்கு எனக்கு மனசே வரல. என்ன மன்னிச்சிடுங்க."

மாமாவின் முகம் சுருங்கிப்போனது. செல்வியின் அம்மா தட்டிலிருந்து பூவை மட்டும் எடுத்து உன் தலையில் வைத்துவிட்டு எழுந்தார். நான் சொம்பைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றேன். தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் எல்லாவற்றையும் நீ உன் தலையில் போட்டுக்கொண்டாய். நான் பெற்ற பெண்ணின் பின்னால் ஒளிந்துகொண்டேன் வினோ. அதற்கு இப்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அவர்கள் போன பிறகு நீ ஒன்றுதான் சொன்னாய். "உனக்காகத்தாம்மா அந்தக் கேள்விய எடுத்தேன்." அதற்கப்புறம் திங்கட்கிழமை வெளியிடவில்லை. ஐந்து வாரம் உட்கார்ந்து திருத்தினாய். கேள்வியைத் திரும்ப வைத்தாய். அனுப்புகிறவர் போனிலும் வாங்குகிறவர் போனிலும் ஒரே எண் தெரிய வேண்டும், இருவரும் சொல்லிச் சரிபார்த்த பிறகுதான் போக வேண்டும் என்று செய்தாய். ஒவ்வொருவரும் தன் பெயரை எழுதாமல் உள்ளே போகவே முடியாது என்று மாற்றினாய். பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு என்ன தப்பு நடந்தது என்று சொன்னாய். யாருடைய ஜாதகம், யார் அனுப்பியது என்று மட்டும் சொல்லவில்லை. அந்த ஆப்பைப் பார்த்து, அதில் இருந்த தப்பை நீ சரிசெய்த விதத்தையும் கேட்டுத்தான் சென்னைக்காரர்கள் உனக்கு வேலை கொடுத்தார்கள் என்று அப்பா சொன்னார். அதையும் நீ என்னிடம் சொல்லவில்லை.

நான் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் நான் டவுனில் தையல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் டீச்சர், ஒரு பெரிய துணி கம்பெனியில் ஒரு வருஷப் பயிற்சி இருக்கிறது என்று எனக்கும் சேர்த்து விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தார். ஒருநாள் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் ஆறு ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே போனதும் என் கையில் காபித் தட்டைக் கொடுத்தார்கள். தட்டைக் கீழே வைக்கும்போது கல்யாணம் முடிவாகியிருந்தது. உன் அப்பா நல்ல மனிதர். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அது உனக்கும் தெரியும். ஆனால், என்னையும் யாரும் கேட்கவில்லை, நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் உன் ஜாதகத்தை எடுத்தேன். நீ ஊருக்குப் போன அன்று அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர், "அப்ப உன்னக் கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப?" என்றார். "வேணான்னு சொல்லியிருக்க மாட்டேன். ஒரு வருஷம் கழிச்சினு சொல்லியிருப்பேன்" என்றேன். இருபத்தெட்டு வருஷம் கழித்து அந்தப் பதிலைச் சொன்னேன். "காத்திருந்திருப்பேனே" என்றார் அவர்.

பாக்கி என்று சொன்னேனே, அது இதுதான். பரிமளாவுக்கு மட்டும்தான் அனுப்பினேன் என்று அன்றைக்கு ராத்திரி நானாக வந்து உன்னிடம் சொன்னது பொய். அதற்கு முன்பே உன் ஜாதகத்தை ஜெராக்ஸ் எடுத்து இரண்டு பேரிடம் கொடுத்திருந்தேன். டவுனில் இருக்கிற கல்யாணத் தரகரிடம் ஒன்று, கீழ்பென்னாத்தூரில் உன் மாமாவிடம் ஒன்று. நீ போன மறுநாள் நானே கிளம்பிப் போனேன். தரகர், "ஏம்மா, எடம் அமைஞ்சிட்டுதா?" என்றார். "இல்லீங்க, பொண்ணக் கேக்காமக் குடுத்துட்டேன். திருப்பிக் குடுங்க" என்றேன். அவர் இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறாராம், இப்படி ஒருத்தர் வந்து கேட்டதில்லையாம். ஒரு தடிமனான கட்டிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். உன் மாமா வேறு மாதிரி. "பொட்டப்புள்ளய இந்த அளவுக்கு வுட்டா நாளைக்கு உன்னையே கேக்காது பாரு" என்று கத்தினார். "கேக்கலன்னா அத நான்தான் கத்துக் குடுத்திருக்கறேன்" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். பரிமளாவிடம் சொல்லி, அவள் போனில் இருந்ததை என் கண்ணெதிரில் அழிக்க வைத்தேன். கடைசியாகச் செல்வி வீட்டுக்குப் போனேன். அனுப்பியது நான், மறைத்தது நான், அன்றைக்கு வாய் திறக்காமல் நின்றதும் நான் என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். செல்விதான், "போக்கா, தம்பிக்கு வேற பாத்துனு இருக்கறோம். உன் பொண்ணு பேசினதத்தான் எங்கம்மா இன்னும் சொல்லினு இருக்குது" என்றாள். அந்த அம்மா எனக்கு மோர் கொடுத்தார். தலையைக் குனிந்துகொண்டு குடித்தேன்.

உனக்குக் கல்யாணம் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இருக்கிறது. நாளைக்கே ஒருவனைக் கூட்டிவந்து, இவன்தான் என்று நீ சொன்னாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஐந்து வருஷம் ஆகும் என்றாலும் சரி. யாராவது கேட்டால், அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்றுகூட ஒருத்தியிடம் சொன்னேன். முதல் தடவை நாக்கு கொஞ்சம் இடறியது. கோபம் இருந்தால் இருக்கட்டும். வேண்டும் என்கிற வரை வைத்துக்கொள். ஆனால் உன் வேலையில் நல்லது ஏதாவது நடந்தால் அப்பாவிடம் சொல்லும்போது, அம்மாவிடமும் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல். அவர் பாவம், ரசம் ஊற்றும் வரை தவிக்கிறார்.

இந்தக் கடிதத்தோடு பைக்குள் ஒரு மஞ்சள் துணிப் பொட்டலம் இருக்கும். தரகரிடமும் மாமாவிடமும் திரும்ப வாங்கிய இரண்டு ஜெராக்ஸும், உன் ஜாதக நோட்டும் அதில் இருக்கின்றன. என் போனில் இருந்த படத்தை அழித்துவிட்டேன். இனி இந்த வீட்டில் வேறு நகல் இல்லை. நீ பிறந்த அடுத்த மாதம் எழுதி வாங்கியது இந்த நோட்டு. இத்தனை வருஷமும் பீரோவில் என் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். என்னுடைய சாமான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று துணியில் சுற்றும்போதுதான் அட்டையை நின்று பார்த்தேன். அதில் உன் பெயர்தான் எழுதியிருக்கிறது.

அம்மா